டொக் டொக் லொறி

"இன்னொரு துண்டு வைங்க நானா. தகரத்துக்கா பஞ்சம்?"

"வெச்சாச்சு. ஆட்டம் கொறையல, கூடுது!"

"கூடாது. நீங்க சரியா அளக்கல."

"அப்ப நீயே அளந்து பாரு ராசா."

பூண்டுலோயா கடைவீதியின் கோடியில் இருந்த தன் கராஜில், ஊருக்கே நானாவான, அதாவது அண்ணனான, நஸார் இடுக்கு அளக்கும் பீலர் தகடுகளை அழகுமுத்துவிடம் நீட்டினார். இருவருக்கும் நடுவில், முன்பக்கம் திறந்த இஞ்சினோடு தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறி நின்றது. உலக யுத்தம் முடிந்ததும் பட்டாளத்துக்காரர்கள் விற்ற லொறி. பத்து வருஷமாக மலையில் ஓடுகிறது. அழகுமுத்துதான் டிரைவர்.

வால்வுகளைத் தூக்கி இறக்கும் கேம் தண்டுதான் அதன் நோய். தன் இடத்தில் சுழல்வதோடு நில்லாமல், அது முன்னும் பின்னும் நகர்ந்தது. ஏற்றத்தில் பல்சக்கரம் அதை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொள்ளும். இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பிடி தளர்ந்து டொக், டொக், டொக். மூன்று மலைக்குக் கேட்கும்.

"சனிக்கிழமை நான் கூடவே வருவேன். சத்தம் கேட்டா கொழுந்துக்கு அட்டன் வாடகை லொறி. நீ கவ்வாத்துக்குப் போ" என்று தோட்டத்து மேனேஜர் துரை சொல்லியிருந்தார். இன்று வெள்ளிக்கிழமை. தேயிலைச் செடியை நறுக்கும் கவ்வாத்துக் கத்தியை நினைத்தாலே அழகுமுத்துவுக்கு உள்ளங்கை கூசியது. கொத்மலைப் பள்ளத்திலிருந்து ஏறி வரும் மேகத்துக்குள் லொறியை விட்டுக் கப்பல் மாதிரி வெளியே வந்து பழகிய கை அது.

மலையில் எது ஆடினாலும் மருந்து ஒன்றுதான். தேயிலைப் பெட்டியின் ஓரத்தில் அடித்திருக்கும் தகரத்தை வெட்டி அடியில் வைப்பார்கள். தொழிலாளர் லயத்துக் கதவும் பள்ளிக்கூடத்து பெஞ்சும் கணக்கப்பிள்ளையின் நாற்காலியும் அப்படித்தான் நின்றன. கேம் தண்டு மட்டும் எந்த ஊர் மகாராசா? பல்சக்கரத்துக்குப் பின்னால் இருந்த வளையத்துக்கு அடியில் இரண்டு துண்டு போட்டிருந்தார்கள்.

அழகுமுத்து அளந்தான். அங்குலத்தை ஆயிரம் கூறு போட்டால் ஐந்து கூறு வரை ஆட்டம் இருக்கலாம். காலையில் பன்னிரண்டு இருந்தது. இப்போது இருபது.

"பேய் புடிச்ச இஞ்சினு" என்றான்.

பிளேன்டீ கொண்டுவந்த நஸாரின் மனைவி அசீசா குனிந்து பார்த்தாள். பல்சக்கரத்துக்கும் தண்டின் தோளுக்கும் நடுவில் அந்த வளையம். வளையத்தைச் சுற்றி, இஞ்சினோடு முடுக்கிய ஒரு தடுப்புத் தகடு. தகட்டைவிட வளையம் எவ்வளவு தடிப்போ அவ்வளவு தூரம் தண்டு ஓடும்.

"கதவுக்கும் நிலைக்கும் நடுவுல ஆப்பு வெச்சா இடுக்கு கூடுமா, கொறையுமா? வளையத்தத் தேச்சு மெலிய வைங்க. ரெண்டு ஆம்பளைங்க, ஒரு வளையம்!"

நஸார் தாடியைச் சொறிந்தார். "அதத்தான் நானும் சொல்ல வந்தேன்."

"வந்தீங்க, வந்தீங்க. இன்னும் வந்து சேரல" என்றாள் அசீசா.

அவளுடைய முகம் பார்க்கும் கண்ணாடியை மேசையில் கிடத்தி, அதன்மேல் எமரித் தாளை விரித்தார்கள். "கீறல் விழுந்தா புதுசு வாங்கித் தரணும் தம்பி" என்று எச்சரித்துவிட்டுப் போனாள். நஸார் ஜும்மா தொழுகைக்குப் போய் வரும்வரை அழகுமுத்து வளையத்தைத் தேய்த்தான். பிறகு அவர் தேய்த்தார். மாட்டுவது, அளப்பது, கழற்றுவது, மறுபடி தேய்ப்பது. ஒன்பது. ஏழு. பொழுது சாயும் நேரத்தில் ஐந்து.

சனிக்கிழமை நாலு மணிக்குத் துரை லொறியில் ஏறி உட்கார்ந்தார். ஆறாம் நம்பர் மலை இறக்கத்தில் அழகுமுத்து காலை எடுத்தான். லொறி பூனை மாதிரி இறங்கியது. வழியில் ஒரு குருவி கூவியதுகூடக் கேட்டது.

"நல்ல வேலை" என்றார் துரை.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒரு கூடைகூட இல்லை.

துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். கடைசியில் மேலேயிருந்து கொழுந்து பறிக்கும் வீரம்மா ஒரு தலைப்பாரக் கொழுந்தோடு ஓடி வந்தாள். பின்னால் மற்ற பெண்கள்.

"ஏய் அழகு, எப்ப வந்த? டொக் டொக்குனு கேட்டாத்தானே நாங்க எறங்குவோம்! சத்தமே போடாம திருட்டுப் பூனையாட்டம் வந்து நிக்கிற!"

ஹோனை அழுத்தலாம்தான். பங்களா நாய் குரைக்கிறதென்று துரையே அதைக் கழற்ற வைத்து ஒரு வருஷமாகிவிட்டது.

"திங்கள் முதல் பங்களாவிலிருந்து நேரம் பார்ப்பேன்" என்றார் துரை. "கொழுந்து தாமதம் என்றால், அட்டன் லொறி."

அன்று சாயங்காலம் நஸார் கராஜின் பலகைக் கதவைச் சாத்தும்போது வாசலில் அழகுமுத்து நின்றான்.

"என்னடா, துரை பாஸ் பண்ணிட்டாரா?"

"பண்ணிட்டாரு நானா. நேத்துக் கழட்டின அந்தப் பெட்டித் தகரத்த எறிஞ்சிட்டீங்களா?"

"எதுக்கு?"

"அதுல ஒரு சின்னத் துண்டு வளையத்துக்கு அடியில வெச்சுத் தாங்களேன் நானா... பங்களாவுக்குக் கேக்கக் கூடாது. ஆறாம் நம்பர் மலைக்கு மட்டும் கேக்கணும்."