உள்ளே இருக்கிற எல்லாத்துக்கும்

வேகவைத்த கோதுமையை வடித்து வெள்ளைத் துணியில் பரப்பிக்கொண்டிருந்தேன். மறுநாள் சர்ச்சில் சர்க்கரையும் வாதுமைப் பருப்பும் கலந்து, வந்தவர்கள் கையில் ஆளுக்கொரு கரண்டி கொடுக்க வேண்டும். அப்போதுதான் முன்னறையிலிருந்து அந்தக் குரல் கேட்டது.

"பூட்டு மேல பூட்டுல்ல போட்டு வெச்சிருக்கார் மனுஷன்! உள்ள என்ன தங்கமா வெச்சிருக்கார்?"

கீழ்வீட்டு மின்ச்சோ.  கையைக்கூடத் துடைக்காமல் ஓடினேன். அப்பாவின் கம்ப்யூட்டர் முன்னால் மின்ச்சோ சப்பணம் போடாத குறையாக உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் தொழிற்சாலையில் டிவி பழுது பார்த்தவர். இப்போது எங்கள் குடியிருப்பில் எந்த வீட்டு மெஷின் படுத்தாலும் இவர்தான். முதலில் ரக்கியா சாராயம் கேட்பார், பிறகுதான் என்ன கோளாறு என்று கேட்பார். அன்றும் சாராயக் கிண்ணம் மௌஸுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒட்டி ஒரு நாற்காலியைப் போட்டு, கறுப்பு உடுப்பில், திரையையே பார்த்துக்கொண்டு அம்மா.

ஒரு போட்டோவுக்காகத்தான் இத்தனையும். எங்கள் ரூசே நகரத்தில் செத்தவர்கள் செத்ததும் போய்விடுவதில்லை. கறுப்புக் கரை போட்ட தாளில் முகத்தையும் பேரையும் அச்சடித்து வாசற்கதவில், ட்ராலி பஸ் நிறுத்தத்தில், வேலை பார்த்த இடத்துக் கேட்டில் ஒட்டுவோம். நாற்பதாம் நாள், அரை வருஷம், ஒரு வருஷம் என்று முகம் திரும்பத் திரும்ப வரும். என் தம்பி ஜிவ்கோவுக்கு மறுநாள் வருஷம். அதுவரை ஒட்டிய எல்லாத் தாளிலும் அடையாள அட்டைப் படம்தான். "என் பிள்ளையப் பார்த்தா போலீஸ் தேடுற ஆள் மாதிரி இருக்கான்" என்று அம்மா ஒவ்வொரு முறையும் அழுதாள். கெளுத்தி மீனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவன் சிரிக்கும் படம் ஒன்று உண்டு. அது எங்கே என்று கேட்டால், தொலைந்துபோச்சு என்பார் அப்பா. அது கம்ப்யூட்டரில் ஜிவ்கோ பேர் போட்ட ஃபோல்டருக்குள் இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியும். ஆனால் அதைத் தட்டினால், திறக்க உங்களுக்கு உரிமை இல்லை என்று வரும். ஒரு வருஷமாக அம்மா அதைத் தட்டியிருக்கிறாள். அன்று காலை அப்பா அதே பழைய படத்தோடு அச்சகத்துக்குக் கிளம்பினார். அவர் பஸ் ஏறுவதை அம்மா பால்கனியில் நின்று பார்த்து உறுதிசெய்துகொண்டு, உள்ளே வந்து ஹீட்டர் குழாயில் கரண்டியால் தட்டி மின்ச்சோவைக் கூப்பிட்டிருக்கிறாள். நான் அடுப்படியில் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். யாரோ ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

"விடுங்கண்ணே, பழைய போட்டோவே போதும். அப்பா கோவிச்சுக்குவார்" என்றேன்.

"வந்துட்டாடா ஜெர்மன்காரி" என்றார் மின்ச்சோ திரும்பாமலே. நான் ஹனோவரில் வேலை பார்ப்பதால் அவர் வைத்த பேர். "உங்கப்பனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீ போய் கோதுமையப் பாரு."

"போட்டோ கிடைக்கட்டும், மாமோ" என்றாள் அம்மா.

மாமோ என்றால் அம்மா. பிள்ளை தாயைக் கூப்பிடும் அதே சொல்லால்தான் எங்கள் ஊர்த் தாய்மாரும் பிள்ளையைக் கூப்பிடுவார்கள், மகனானாலும் மகளானாலும். அந்தக் குரலில் அம்மா என்னிடம் ஒன்றைக் கேட்டால் என்னால் மறுக்க முடியாது.

அந்த ஃபோல்டரில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அடக்கம் முடிந்த அன்று சாயங்காலம், வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு, அப்பா என்னைப் பால்கனிக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "அவன் வழுக்கி விழலை, நெவா" என்றார். ஜிவ்கோ டனூப் துறைமுகத்தில் சுமையேற்றும் வேலை பார்த்தவன். மழை பெய்த அன்று ஆற்றுப் படிக்கட்டில் வழுக்கி விழுந்தான் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். பாதிரியாரிடமும் அப்படித்தான் சொன்னார்கள். தானே உயிரை விட்டவன் என்றால் சடங்கு கிடையாது; அவரும் குறை வைக்காமல் எல்லாச் சடங்கும் செய்தார். ஆனால் அவன் தன் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தான். அதில் அவன் பேசிய வீடியோ ஒன்று இருந்தது, அம்மாவைப் பார்த்துப் பேசுவதுபோல. அப்பா அதைப் பார்த்தார். கம்ப்யூட்டரில் ஏற்றினார். போனை ஆற்றில் எறிந்தார். "அப்போ இதையும் அழிச்சிர வேண்டியதுதானே?" என்று கேட்டேன். "கை வரலை" என்றார். "அவன் குரல்னு இருக்கிறது அது ஒண்ணுதான். யாரையோ கேட்டு, எல்லாருக்கும் தடைன்னு போட்டு வெச்சேன். நானும் அந்த எல்லாருல ஒருத்தன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. இப்ப எனக்கும் திறக்காது. அதுவும் நல்லதுக்குத்தான்." அம்மாவிடம் மூச்சு விடக் கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அம்மா அந்த வழுக்கல் படியைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருந்தாள். துறைமுக ஆபீஸ் வாசலில் மாதக்கணக்கில் நின்று, கத்தி, அழுது, கடைசியில் அந்தப் படிக்கட்டில் இரும்புக் கைப்பிடி போட வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் அதைத் தொட்டு ஆட்டிப் பார்த்துவிட்டு வருவாள். "இனிமே எந்தத் தாய் பிள்ளையும் இங்க விழாது" என்று போனில் அவள் சொல்லும்போது, ஹனோவரில் முதியோர் இல்லத்துப் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டே, ஆமாம்மா, ஆமாம்மா என்பேன். 

"எங்க கோளாறுன்னு சொல்றேன் கேளுங்க ஸ்டான்கா அக்கா" என்றார் மின்ச்சோ, பாடம் எடுக்கிற தோரணையில். "தாய் ஃபோல்டருக்கு என்ன உரிமையோ, அது பிள்ளை ஃபோல்டருக்கும் தானா இறங்கும். வாரிசு மாதிரி. உங்க வீட்டுக்காரர் நடுவுல அந்தக் கொடிய அறுத்து விட்டிருக்கார். தாய் வேற, பிள்ளை வேறன்னு ஆக்கிட்டார். நான் திரும்ப முடிச்சுப் போட்டுட்டா எல்லாம் பழையபடி ஆயிரும்."

"தாய்க்கு உரிமை இருந்தா பிள்ளையும் திறக்குமா?"

"திறக்காம எங்க போகும்?"

 அம்மா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

வெளி ஃபோல்டர் திறந்துவிட்டது. உள்ளே சின்னச் சின்னதாகச் சில ஃபோல்டர்கள். மீன் என்று பேர் போட்டதை மின்ச்சோ தட்டினார். முதல் வரிசையிலேயே இருந்தான் ஜிவ்கோ. கெளுத்தியின் வாய் ஒரு பக்கம் பிளந்திருக்க, இவன் வாய் அதைவிடப் பெரிதாகப் பிளந்திருந்தது. அம்மா திரையைத் தொட்டாள்.  மின்ச்சோ அச்சுப்பொறியை முடுக்கிவிட்டார். அது இருமிக்கொண்டு தாளை இழுத்தது. அப்பாடா, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்தேன். நல்ல சேதியைச் சொல்லலாம், அச்சகத்தில் நிறுத்தச் சொல்லலாம் என்று கதவு நிலையில் சாய்ந்துகொண்டு அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, மின்ச்சோ வந்திருக்கார். அந்த மீன் போட்டோ கிடைச்சிருச்சு..."

"எதுல கிடைச்சுது?" அப்பாவின் குரல் மாறியது. "மெஷினத் தொட்டானா? நெவா, கைய எடுக்கச் சொல்லு! போன்னு ஒண்ணு இருக்கும் உள்ள, அதத் தொட விடாதே! கேக்குதா?"

மின்ச்சோவுக்கு அரைகுறையாக வேலை செய்து பழக்கமில்லை. போன் என்ற ஃபோல்டரைத் தட்டிப் பார்த்திருந்தார். அது மட்டும் திறக்கவில்லை. அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "வந்தது வந்தாச்சு, முழுசாப் பழையபடி ஆக்கிட்டே போறேன்" என்று ஏதேதோ தட்டினார். திரை நடுவில் ஒரு பெட்டி வந்து நின்றது. ஆம், இல்லை என்று கீழே இரண்டு பொத்தான். அவர் நாற்காலியோடு என் பக்கம் திரும்பினார்.

"படிச்சவளே, நீ சொல்லு. உள்ள இருக்கிற எல்லாத்துக்கும் மாத்திரவா?"

காதில் அப்பா கத்திக்கொண்டிருந்தார். எதிரே அம்மா. வேண்டாம் என்று வாய்விட்டுச் சொன்னால், ஏன் வேண்டாம் என்று அம்மா கேட்பாள். நான் மின்ச்சோவின் கண்ணைப் பார்த்துத் தலையைப் பலமாக இடமும் வலமும் ஆட்டினேன். வேண்டாம், வேண்டாம், வேண்டாம்.

மின்ச்சோ "சரி" என்று ஆம் பொத்தானை அழுத்தினார்.

எங்கள் ஊரில் பக்கவாட்டில் ஆட்டினால் ஆமாம். மேலும் கீழும் ஆட்டினால் இல்லை. தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் ஒன்பது வருஷம் வெளிநாட்டுக் கிழவிகளுக்கு அவர்கள் தலைமொழியில் பதில் சொல்லிச் சொல்லி, என் கழுத்து என்னைக் கேட்காமலே கட்சி மாறியிருந்தது. தம்பியே கேலி செய்வான், உன் தலைய ஏர்போர்ட்லயே வெச்சிட்டு வந்துட்டியாக்கா என்று.

"ஐயோ, வேண்டாம்னுல்ல சொன்னேன்!"

"நீதானே ஆமான்னு ஆட்டினே?" மின்ச்சோ திகைத்துப்போய் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பச்சைக் கோடு ஒன்று நீண்டுகொண்டே போனது. அதற்கு மேலே ஒவ்வொரு ஃபைலின் பேரும் வந்து வந்து மறைந்தது. முழுக்க நீண்டதும் அந்தப் பெட்டி தானாக மூடிக்கொண்டது. போன் ஃபோல்டர் எந்த மறுப்பும் சொல்லாமல் திறந்தது.

உள்ளே ஒன்றே ஒன்று. சின்னச் சதுரத்தில் உறைந்து நின்ற தம்பியின் முகம். மேசை விளக்கு வெளிச்சம், பின்னால் இதே அறையின் திரைச்சீலை. அம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"இது அந்த நீலச் சட்டை" என்றாள். "அன்னிக்குப் போட்டுட்டுப் போனது. முதல் நாள் ராத்திரிதானே கடைல இருந்து வந்துச்சு. பொத்தான் நான்தானே தைச்சுக் குடுத்தேன். அப்ப இது அதே ராத்திரி எடுத்தது."

 அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். என் தாய் முட்டாள் இல்லை.

"அம்மா, அப்பா வரட்டும்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"மின்ச்சோ, நீ வீட்டுக்குப் போ" என்றாள். "நீ போய்க் கோதுமையப் பாரு, மாமோ. காஞ்சிரும்."

மின்ச்சோ கிண்ணத்தை எடுத்தார், அதில் இன்னும் இருந்தது, அப்படியே வைத்துவிட்டுப் போனார். எதையோ சரிசெய்கிறேன் என்று வந்துவிட்டு எல்லாவற்றையும் உடைத்தவனின் நடை அது. நான் நகரவில்லை. அம்மா எழுந்து வந்து, என் தோளைத் தொட்டு, மெதுவாக என்னை வெளியே தள்ளி, கதவைச் சாத்தினாள். சாவி போடவில்லை. எங்கள் முன்னறைக் கதவுக்குச் சாவி கிடையாது. ஆனாலும் என்னால் அதைத் திறக்க முடியவில்லை.

"மாமோ" என்றான் தம்பி.

ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரல். சளி பிடித்ததுபோல, காலையில் எழுந்ததும் பேசுகிற மாதிரி. நடைவழித் தரையில் உட்கார்ந்தேன். குரல் உடனே நின்றது. அவள் நிறுத்தியிருக்கிறாள். பிறகு மறுபடி முதலிலிருந்து, "மாமோ". மறுபடி நின்றது. "மாமோ" என்று இந்த முறை அம்மா பதில் சொன்னாள், சோற்றுக்குக் கூப்பிடுகிற குரலில். அவன் "மாமோ". இவள் "மாமோ". எத்தனை முறை என்று தெரியாது. அதைத் தாண்டி அவள் போகவே மாட்டாள், அந்த ஒரு சொல்லிலேயே காலத்தை ஓட்டிவிடுவாள் என்று நம்பத் தொடங்கினேன்.

பிறகு குரல் நிற்காமல் பேசியது. நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

அப்பா படியேறி வந்தபோது அவருக்கு மூச்சு இரைத்தது. பஸ்ஸுக்குக் காத்திராமல் ஓடி வந்திருக்க வேண்டும். கக்கத்தில் அச்சடித்த தாள்கட்டு, கறுப்புக் கரையோடு, போலீஸ் தேடுகிற முகத்தோடு. நான் தரையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். மூடிய கதவைப் பார்த்தார். கேட்க அவருக்கு ஒன்றும் மிச்சமில்லை.

கதவு திறந்தது. அம்மா அழுதிருக்கவில்லை. கையில் மீன் போட்டோ, மை இன்னும் காயாமல் அவள் விரலில் ஒட்டியிருந்தது.

"படில வழுக்கினதா சொன்னே" என்றாள். "நான் போய்க் கம்பி போட வெச்சேன், லூபென். ஊரே கைதட்டிச்சு." அவர் கக்கத்துத் தாள்கட்டைப் பார்த்தாள். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

அப்பா தலையை இடமும் வலமும் ஆட்டினார். அவர் எந்த வெளியூரிலும் வாழாதவர். அவர் தலை எங்கள் ஊர்த் தலை.

அம்மா அவரையே பார்த்தாள். பிறகு அவள் தலையும் ஆடத் தொடங்கியது, மேலும் கீழுமாக, மெதுவாக, நிற்காமல். இருவரும் அப்படியே எதிரெதிரே நின்றார்கள். பாதி திறந்திருந்த வாசற்கதவு வழியாக, மாடிப்படியில் போகிற அயலூர்க்காரன் யாராவது எட்டிப் பார்த்திருந்தால், கணவன் எதையோ மறுக்கிறான், மனைவி சரி சரி என்று ஒத்துக்கொள்கிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டு போயிருப்பான்.