பச்சை உடம்பு

நாகலட்சுமி கண்ணாடித் தொட்டிக்கு அடியில் விளக்கைப் பிடித்தபோது, தேரையின் வயிற்றுத் தோலுக்குள் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் தெரிந்தன.

"பாருங்கக்கா. அத்தனையும் குட்டிங்க."

யோகராணி தரை துடைக்கும் தடியைச் சுவரில் சாத்திவிட்டுக் குனிந்தாள். ஒஸ்லோவில் உள்ள அந்த ஆய்வுக்கூடத்தில் ஏழு வருடமாகத் துப்புரவு வேலை செய்கிறாள். நாகலட்சுமி அங்கே தேரைகளை ஆராய்பவள்.

"முட்டை இடாதோ பிள்ளை?"

"இடாது. நம்மள மாதிரி சுமந்து பெக்கும்."

"ஓம்?"

"நீங்க ஓம்னா பூஜைக்கு உக்காந்த மாதிரி இருக்கு."

"நீங்கள் ஆமா எண்டா ஆமையைக் கூப்பிடுற மாதிரிக் கிடக்கு."

இருவரும் சிரித்தார்கள். விரல் நகம் அளவே உள்ள மஞ்சள் தேரைகள் அவை. ஆப்பிரிக்காவில் ஓர் அருவியோரக் காட்டில் மட்டும் வாழ்ந்தவை. இப்போது அங்கே ஒன்றும் கண்ணில் படுவதில்லை. இங்கும் நோய் தின்றதுபோக மிஞ்சியவை ஒன்பது. அதில் பெண் இது ஒன்றுதான். நகரத்தின் ஓரத்தில், ட்வெய்ட்டாவில் உள்ள தன் வீட்டுச் சாமிப்படத்தின் முன் நின்று, கொஞ்சம் வெட்கத்தோடு, யோகராணி அதற்காகவும் வேண்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையே நாகலட்சுமி பேர்கன் நகரத்துக்கு ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டாள். மாலை யோகராணி அறையைத் துடைக்க வந்தபோது பாசியின்மேல் உளுந்தளவில் பதினொரு குட்டிகள் இருந்தன. தாய் அருகிலேயே சோர்ந்து கிடந்தது. மேலே குழாயிலிருந்து குளிர்ந்த நீர் புகைபோல ஓயாமல் அதன் முதுகில் விழுந்துகொண்டிருந்தது.

அவளுக்குப் பொறுக்கவில்லை. மகள் பிறந்த அன்று இங்கே ஆஸ்பத்திரியில் ஐஸ் போட்ட பழச்சாறு கொடுத்தார்கள். சுடுதண்ணீர் வைத்துத் தரவோ, காதை மூடிக் கட்டிவிடவோ ஆளில்லை. பச்சை உடம்பில் குளிர் ஏறி அவள் நடுங்கியது இன்னும் மறக்கவில்லை.

"பிள்ளை பெத்தவளை இப்படியோ நனைய விடுறது?" என்று மெல்லச் சொல்லி, குழாயின் திருகைப் பாதி மூடினாள். தொட்டியின் அடியில்தான் தண்ணீர் நிற்கிறதே. நல்ல செய்தியைத் திங்கட்கிழமை நேரிலேயே சொல்லலாம் என்று மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போனாள்.

பாதித் திருகில் நீர் புகையாக எழாது என்பது அவளுக்குத் தெரியாது. சனி, ஞாயிறு அந்த அறைக்கு யாரும் வருவதில்லை.

திங்கட்கிழமை காலை பாசி காய்ந்து பொருபொருத்துக் கிடந்தது. குட்டிகள் மிளகுத்தோல் போல ஒட்டிக்கிடந்தன. தாய் அவற்றின் நடுவே. நாகலட்சுமி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். ஒரே ஒரு ஆண் தேரைக்கு மட்டும் தொண்டை அசைந்தது.

"நான்தான் தண்ணியைப் பூட்டினனான்," என்றாள் யோகராணி. "பச்சை உடம்பெண்டு. குளிரும் எண்டு."

நாகலட்சுமி திருகை முழுதும் திறந்துவிட்டாள்.

"அங்க காட்டுலயும் இப்படித்தான் ஆச்சு, அக்கா," என்றாள் பிறகு. "ஜனங்களுக்குக் கரண்ட் வரணும்னு அணை கட்டினாங்க. கெட்டவங்க இல்ல. அருவி வத்திப்போச்சு, சாரல் நின்னுபோச்சு." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மோட்டார் கோளாறுன்னு எழுதிடறேன். இல்லன்னா உங்க வேலை போயிடும்."

"வேண்டாம் பிள்ளை. என்ரை பேரை எழுதுங்கோ. பொய் எழுதினா இன்னொருத்தி வந்து இதையே செய்வாள்."

நாகலட்சுமி எழுதினாள். மாத முடிவோடு யோகராணி வேலையிலிருந்து நிற்க வேண்டும் என்று கடிதம் வந்தது.

மிஞ்சிய ஆண் தேரையால் இனி எதுவும் பிறக்கப்போவதில்லை. இருவருக்கும் அது தெரியும். ஆனாலும் மீதியிருந்த பத்தொன்பது நாளும் யோகராணி மேல்சட்டையைக் கழற்றுமுன் அந்த அறைக்கே போனாள். திருகு முழுதும் திறந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தாள். நீர்ப்புகையில் கையை நீட்டினாள். கை விறைத்தது.

"நனை ராசா," என்றாள். "நல்லா நனை."