அறுநூறு பேருக்கான எலுமிச்சைச் சோறு

காலை பத்தே முக்காலுக்குச் சோதனைப் பட்டையில் இரண்டாவது கோடு சிவந்தது. ஷாலின் நம்பாமல் அடுத்த அண்டாவிலிருந்து மாதிரி எடுத்துக் கரைத்து இன்னொரு பட்டையில் சொட்டினாள். அதுவும் சிவந்தது.

படப்பையை ஒட்டிய அந்தச் சமையற்கூடத்திலிருந்துதான் ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் அறுநூறு பேருக்குப் பகல் சாப்பாடு போகிறது. உணவுத் தரம் பார்க்கும் வேலையில் ஷாலின் சேர்ந்து மூன்று மாதமாகிறது. கெட்ட சோற்றில் கிருமி விட்டுப்போகும் நஞ்சைக் கண்டுபிடிக்க, மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவள் படித்த கல்லூரியின் ஆராய்ச்சிக் குழு புதிதாகச் செய்த இந்தப் பட்டை இருபது நிமிடத்தில் சொல்லிவிடும். சோதித்துப் பார்க்க அவளிடம் ஐம்பது கொடுத்திருந்தார்கள்.

மேலாளர் மாசானம் அண்டாக்களை வேனில் ஏற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

"சார், இந்தச் சாதம் போகக்கூடாது. நேத்து சாயங்காலம் வடிச்ச சோத்தைக் கலந்திருக்காங்க."

"கலந்தா என்னம்மா? திரும்பச் சூடு பண்ணித்தான கெளறிருக்கு? ஆவி பறக்கது கண்ணுக்குத் தெரியலியா?"

"சூட்டுல கிருமி சாவும் சார். அது கக்கின விஷம் சாவாது. எவ்ளோ கொதிச்சாலும் அப்படியே இருக்கும்."

"ஒரு துண்டுக் காயிதத்த வச்சு என் பொழப்புல மண்ணள்ளிப் போடப் பாக்கியளா? ஏத்துங்கலே!"

ஷாலின் தொழிற்சாலைக்குப் பேசக் கைப்பேசியை எடுத்தாள். மாசானம் அதைப் பிடுங்கித் தரையில் அடித்தார். சில்லுகள் சிதறின. அவள் ஒரு கணம் அவற்றைப் பார்த்தாள். பிறகு மூலையிலிருந்த பினாயில் கேனைத் தூக்கி முதல் அண்டாவில் கவிழ்த்தாள்.

மாசானம் விட்ட அறை இடது காதில் இறங்க, அவள் கீழே விழுந்தாள். உலகம் ஒரு பக்கம் ஊமையானது. அவள் தடுமாறி எழுந்து இரண்டாவது அண்டாவிலும் ஊற்றினாள். மாசானம் அவள் கூந்தலைப் பற்றி நெற்றியை அண்டாவின் விளிம்பில் மோதினார். கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. கைக்கெட்டிய அவர் மணிக்கட்டை அவள் வெறிகொண்டு கடித்தாள். தோல் கிழியும்வரை விடவில்லை. தனக்குள் இவ்வளவு மூர்க்கம் இருந்தது அவளுக்கே தெரியாது.

கையை உதறிக்கொண்டவர் சோறு கிளறும் இரும்புத் துடுப்பை எடுத்து ஓங்கினார். தடுக்க உயர்ந்த வலக்கையில் அது இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. வேனில் ஏற்ற வந்த இருவரும் நகரவில்லை.

இரண்டாவது முறை துடுப்பு உயர்ந்தபோதுதான் சமையல்காரி பாப்பம்மாள் கொதிக்கும் வடிகஞ்சியை வாளியோடு அவர் கால்களில் வீசினாள். மாசானம் அலறிக்கொண்டு விழுந்து புரண்டார். பாப்பம்மாள் கேனை எடுத்து, மிச்சத்தைக் கடைசியாக இருந்த மூன்றாவது அண்டாவில் ஊற்றினாள்.

அன்று அறுநூறு பேரும் பன்னும் வாழைப்பழமும் தின்று, சமையற்கூடத்தைக் கண்டபடி திட்டினார்கள். ஷாலின் எடுத்துவைத்திருந்த மாதிரிகள் ஆய்வகத்துக்குப் போயின. ஆறாம் நாள் முடிவு வந்தது: நஞ்சு இருந்தது உண்மை. மாசானத்தைக் காலில் கட்டோடு கைது செய்தார்கள். கொதிக்கும் கஞ்சியை ஊற்றிய வழக்கு பாப்பம்மாள்மேலும் விழுந்தது.

ஷாலினைப் பார்க்க அவளது குன்றத்தூர் வீட்டுக்குப் பாப்பம்மாள் வந்தாள். கேட்கும் காதுப் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்தச் சோத்த நான்தான் பாப்பா கலந்தேன். அந்தாளு கலக்கச் சொன்னாரு. நாத்தம் தெரிஞ்சிகினுதான் கலந்தேன்."

ஷாலினுக்கு அவள் கையைப் பிடிக்கவும் தோன்றியது, வெளியே போகச் சொல்லவும் தோன்றியது.

"நீங்கதான்க்கா என் உயிரைக் காப்பாத்துனீங்க. கோர்ட்டுல வந்து அதைச் சொல்லுவேன். ஆனா நான் குடுக்கிற ரிப்போர்ட்ல இதையும் எழுதணும்."

பாப்பம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எழுது பாப்பா. நெசந்தான கீது."

வலக்கை மாவுக்கட்டில் இருந்தது. ஷாலின் பேனாவை இடக்கையில் பிடித்து, கோணல்மாணலாக எழுத ஆரம்பித்தாள். பாப்பம்மாள் தாள் நகராமல் பிடித்துக்கொண்டாள்.