பதினெட்டுச் செபத்தில் அரை மைல்

1

1961 ஆகஸ்ட் 19, சனிக்கிழமை. வவுனியாவில் நடந்த ஆறு மைல் தெரிவு ஓட்டத்தில் ஒன்பது பேர் ஓடினார்கள்.

இது நான் பத்திரிகைக்கு அனுப்பிய செய்தியின் முதல் வரி. நான்கு வரி அனுப்பினேன். இரண்டு வரி அச்சில் வந்தது. அச்சில் வராததைக் கதையாக்கப் பார்க்கிறேன். மூன்று தொடக்கங்களைக் கிழித்தாயிற்று. ஒன்றை மட்டும் விட்டுவைக்கிறேன்:

"விடியற்காலையில் முல்லைத்தீவுக் கடற்கரையின் ஈரமணலில் ஒரு மனிதன் கடலைத் தோற்கடிக்க"

கடலைத் தோற்கடிக்க யாரும் ஓடவில்லை. அந்தோனிமுத்து வேலைக்காக ஓடினான்.

2

கொழும்பில் ஒரு திணைக்களம் தன் விளையாட்டு அணிக்காக ஓட்டக்காரர் இருவரை வேலைக்கு எடுக்கவிருந்தது. வவுனியாவில் முதல் இரண்டு இடங்களில் வருபவர்களுக்கு அந்த வேலை. அந்தோனிமுத்துவுக்கு இருபத்துநான்கு வயது. அவன் மனைவி யூலிற்றாவின் தகப்பனும் தமையனும் முந்தின வருடம் ஒரே படகில் போனார்கள், திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவள் இவனைக் கடலுக்கு விடவில்லை. கரையில் நின்று வலை இழுத்து வந்தான். வலையின் சொந்தக்காரர் யாகப்புச் சம்மாட்டி, ஆவணி வரை பொறுப்பதாகவும், பிறகும் படகில் ஏறாவிட்டால் வலையிலும் இடமில்லை என்றும் சொல்லியிருந்தார்.

(யாகப்புவைக் கெட்டவராக எழுதினால் கதைக்கு வசதி. அவர் கெட்டவர் அல்ல. படகுக்கு ஆள் போதாமல் இருந்தது, அவ்வளவுதான்.)

3

பயிற்சி முறை என்னிடமிருந்து போனது. ஓர் ஆங்கிலச் சஞ்சிகைக் கட்டுரையை அவனுக்கும் யூலிற்றாவுக்கும் தமிழில் வாசித்துச் சொன்னேன். நீண்ட தூரத்தை ஆறுதலாக ஓடினால் மட்டும் போதாது, குறுகிய தூரத்தை வேகமாக ஓடினால் மட்டும் போதாது, இரண்டையும் கலக்க வேண்டும் என்றது கட்டுரை. வாரத்தில் இரண்டு நாள் பன்னிரண்டு மைல். வேறு இரண்டு நாள் அரை மைலை வேகமாக ஓடி, மூச்சு அடங்கும்வரை நடந்து, திரும்பவும் ஓடுவது, எட்டுத் தடவை. பிறகு பன்னிரண்டு மைலின் கடைசி இரண்டையும் அந்த வேகத்திலேயே முடிப்பது. களைத்த கால் வேகத்தைப் பழக வேண்டுமாம். அரை மைலின் நேரம் இறங்க இறங்க நீண்ட ஓட்டத்தைக் குறைக்கலாம் என்றும் இருந்தது.

நேரம் பார்க்க அவர்களிடம் எதுவும் இல்லை. யூலிற்றாவிடம் செபமாலை இருந்தது. மீன்வாடிக் கொட்டிலடியில் நின்று, மாதாவுக்கான செபத்தைச் சொல்லிச் சொல்லி மணியை நகர்த்தினாள். ஒற்றைப் பனை வரை போய்த் திரும்பினால் அரை மைல். வைகாசியில் அதற்குப் பதினெட்டுச் செபம் சென்றது. என் கைக்கடிகாரத்தில் ஒருமுறை பார்த்தோம். ஒரு செபத்துக்குப் பத்துச் செக்கன்.

அந்தக் கடிகாரத்தை ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பீர்கள். உப்புக் காற்றில் பழுதாகிவிடும் என்று நினைத்தேன். வேறு காரணம் இல்லை.

வலை இழுப்பவர்கள் சிரித்தார்கள்.

"பெஞ்சாதி செபிக்கிறா, புருசன் ஓடுறான். ஆர் முதல் மோட்சம் போய்ச் சேருறதெண்டு பாப்பம்," என்றார் யாகப்பு.

"மோட்சத்துக்கில்லை சம்மாட்டியார், கொழும்புக்கு," என்றான் அந்தோனிமுத்து, நிற்காமல்.

ஆனியில் பதினேழு. ஆடி பிறக்கப் பதினாறு. ஆடிக் கடைசியில் பதினைந்து. பன்னிரண்டு மைலை முதலில் எட்டாகவும் பிறகு ஐந்தாகவும் குறைக்கச் சொன்னவன் நான்.

4

வவுனியாவில் முன்னால் ஓடியவர்கள் முதல் மைலை ஐந்தேகால் நிமிடத்தில் முடித்தார்கள். அந்தோனிமுத்து அவர்களோடு ஒட்டி ஓடினான். பதினைந்து செபம் என்றால் இரண்டரை நிமிடம். அந்தக் கணக்கின்படி அது அவனுக்கு வசதியான வேகம். இரண்டாம் மைலில் பின்தங்கினான். நாலாம் மைலில் அவனுடைய ஒவ்வொரு அரை மைலுக்கும் மூன்று நிமிடத்துக்கு மேல் சென்றது. வைகாசியில் கரையில் ஓடியதைவிட அது மோசம். ஆறாவதாக வந்தான்.

திரும்பும் பஸ்சில் மாங்குளம் தாண்டியதும் என்னிடம் சொன்னான்:

"நான் கரையில ஓடினமாதிரித்தான் ஐயா ஓடினனான். அவங்கள் வேற மாதிரி ஓடினாங்கள்."

5

இங்கே எனக்கு மூன்று வழிகள் உண்டு. வெயில் காரணம் என்று எழுதலாம்; அன்று நல்ல வெயில். ஈரமணலில் பழகிய கால் காய்ந்த தரையில் ஏமாந்தது என்று எழுதலாம், அதுவும் பொய்யாகாது. எதை எழுதினாலும் யூலிற்றா தப்பிவிடுவாள், நானும்.

மூன்றாவது, நடந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவன் வலைவாடிக்குப் போயிருந்தான். வெயில்தான் கெடுத்தது என்று அவளிடம் சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்படி சொல்லிவிட்டு, ஒரு செபத்தை முழுதாகச் சொன்னாள்.

பன்னிரண்டு செக்கன்.*

எவ்வளவு சென்றது என்று அவள் கேட்டாள்; நான் சொன்னேன். பதினைந்து பன்னிரண்டு எவ்வளவு என்று அவளே விரலில் கூட்டினாள். மூன்று நிமிடம். மூன்று மாதத்தில் அவன் ஒரு செக்கன்கூட முன்னேறவில்லை. செபம்தான் நீண்டுகொண்டு போயிருக்கிறது.

"ஒவ்வொரு நாளும் கொஞ்சம் ஆறுதலாச் சொன்னனான் ஐயா. அவசரப்பட்டுக் கேட்டா மாதா தரமாட்டாவெண்டு நினைச்சன்."

என்னிடம் சொல்ல இருந்ததெல்லாம் கட்டுரையில் இருந்தவை.

"இவரிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ."

ஓம் என்றேன்.

* ஒரு தடவைதான் பார்த்தேன். பதின்மூன்றாகவும் இருந்திருக்கலாம். எனக்குச் சாதகமாகத் தப்பு விட்டிருக்க மாட்டேன் என்று உறுதி சொல்ல முடியாது.

6

அவளுக்குக் கொடுத்த வாக்கை இதை எழுதி மீறிவிட்டேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன் என்று சொல்லித் தப்பலாம். அந்த ஊரில் செபம் சொல்லி ஓட்டத்துக்கு நேரம் பார்த்தவர்கள் வேறு யாருமில்லை. அந்தோனிமுத்துவுக்கு வாசிக்கத் தெரியாது; உங்களுக்குத் தெரியும். அவனுக்கு வாசித்துக் காட்டுவதா வேண்டாமா என்பதை என்னால் தீர்மானிக்க முடியவில்லை. உங்களிடம் விடுகிறேன்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்க்கிழமை, அந்தோனிமுத்து யாகப்புவின் படகில் கடலுக்குப் போனான்.