கிழியாத கையுறை

விடிந்தும் விடியாததுமாகக் கார்ப் பட்டறையின் இரும்புக் கதவை ஏற்றினால் முதலில் முகத்தில் அடிப்பது பழைய எண்ணெயின் வாடை. அந்த வாடைக்குள் நுழைந்து, தகரத் தொட்டியில் டீசலை ஊற்றி, முந்தின நாள் கழற்றிப் போட்ட எஞ்சின் பாகங்களை ஒவ்வொன்றாக முக்கித் தேய்க்க வேண்டும். அதுதான் அக்காவின் வேலை. அவளைவிட மூத்தவர்களுக்கும் அங்கே அவள் அக்காதான். கூடப்பிறந்த தம்பி என்னவோ ஒருவன்தான், எஞ்சின் வேலை பார்த்த நெட்டையன்.

குளிர்ந்த டீசல் விரல் வெடிப்புகளில் இறங்கியதும் சுரீரென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள். கையில் கிடந்த துணி உறை டீசலைக் குடித்துக் கனத்துத் தோலோடு ஒட்டிக்கொண்டது. இதற்குப் பெயர் பாதுகாப்பாம்!

முன்பெல்லாம் நீல உறை இருந்தது. காலையில் மாட்டி மாலையில் தூக்கியெறிகிற வகைதான், ஆனாலும் கெட்டி. எண்ணெய்க்கும் டீசலுக்கும் அசையாது. நுனியில் சொரசொரப்பு இருந்ததால் பிசுக்குப் பிடித்த நட்டும் வழுக்காது. ஒருநாள் ஓடுகிற எஞ்சினின் பெல்ட்டில் நெட்டையனின் நீல உறை மாட்டிக்கொண்டது. உறையின் விரல் மட்டும் பிய்ந்து பறந்தது, கை பத்திரமாகத் திரும்பி வந்தது. "ஐயோ, விரல் போச்சே!" என்று வெல்டர் போலியாக அலற, எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

சிரிக்காதவர் முதலாளி. "இத்துப்போன சரக்கு. ஒரு இழுப்புக்குத் தாங்கல பாரு" என்றார். நீல உறை வருவதே நின்றுவிட்டது, கடையில் கிடைப்பதில்லை என்றார். பதிலுக்கு வெளுத்த, மெல்லிய ரப்பர் உறை வந்தது. டீசல் பட்டதும் ஊதிப் பெருத்துக் கையைவிட்டுக் கழன்றது. எல்லோரும் முணுமுணுத்ததும் துணி உறையை வாங்கி மேசைமேல் விசிறினார்.

"இது மாசக்கணக்குல உழைக்கும். கிழிஞ்சா தைச்சுப் போட்டுக்குங்க. புதுசு கேட்டு ஒருத்தரும் மாடியில என் ரூமுக்கு வரக்கூடாது."

ஒருவரும் மாடி ஏறவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் அக்கா ஊசியும் கையுமாக உட்கார்ந்து எல்லோருடைய உறையையும் தைத்தாள். சாதா நூல் நிற்கவில்லை. காரின் சீட்டுக்குப் போடும் நைலான் நூலை எடுத்தாள். தம்பியின் உறைக்கு மட்டும் ஆட்காட்டி விரலில் இரட்டைத் தையல் போட்டாள்.

"யானை கட்டி இழுத்தாலும் பிய்யாதுக்கா" என்று அவன் மாட்டிப் பார்த்துச் சிரித்தான்.

பிய்யத்தான் இல்லை. அன்றைக்கு ஒரு கார்க்காரர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். எஞ்சினுக்குள் ஏதோ கிறீச்சிட்டது. நெட்டையன் எஞ்சினை அணைக்கப் போனான். "அணைக்காதடா, ஓடும்போதே சத்தம் எங்கேன்னு பாரு, சீக்கிரம்!" என்று முதலாளி முதுகுக்குப் பின்னால் நின்று விரட்டினார். துணி உறையைப் பெல்ட் கவ்வியது. நைலான் நூல் விடவில்லை. அக்கா ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பியபோது, தம்பி சத்தம்கூடப் போடாமல் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். ஆட்காட்டி விரல் இருந்த இடத்தில் ரத்தம்தான் இருந்தது.

அதிலிருந்து அக்காவுக்கு உறக்கமில்லை. கண்ணை மூடினால் தையல்தான் தெரிந்தது.

இன்று நெட்டையன் மறுபடி வந்து நின்றான். கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்திருந்தான். மாடியிலிருந்து முதலாளி இறங்கி வந்தார்.

"இடது கையால செய்யறேன் முதலாளி. வண்டியைப் பார்த்து என்ன கோளாறுன்னு சொல்ற வேலையாவது குடுங்க."

"அரைக் கையை வச்சுக்கிட்டு என்னடா கிழிக்கப் போற? ஓடுற எஞ்சின்ல கையை விட்டது உன் கவனக்குறைவு. போய் வேற பொழப்பைப் பாரு."

அக்கா தொட்டியை விட்டு எழுந்தாள். "அணைக்கப் போனவனை அணைக்காதன்னு விரட்டினது யாரு?"

"நீ வாயைத் திறக்காதம்மா. அந்த உறையைத் தைச்சது யாரு? உன் தம்பி விரலை எடுத்தது உன் ஊசி."

இத்தனை நாளாக அக்கா தனக்குத்தானே சொல்லி அழுத வார்த்தைதான் அது. ஆனால் அந்த வாயிலிருந்து வந்தபோதுதான் அது எவ்வளவு பெரிய பொய் என்று அவளுக்கு உறைத்தது.

"ஆமா, நான்தான் தைச்சேன். கிழியறது கெட்ட உறைன்னு நீங்க சொன்னீங்க, கூறுகெட்டு நாங்களும் நம்பினோம். நல்ல உறைன்னா வேலைக்குத் தாங்கணும், பெல்ட்டு இழுத்தா கிழியணும். அன்னிக்கு நீல உறை கிழிஞ்சதாலதானே இவன் விரல் தப்பிச்சுது? அந்த உறையைப் பிடுங்கிட்டு என் கையில ஊசியைக் குடுத்தது நீங்க!"

நனைந்த உறையை உருவி அவர் காலடியில் எறிந்தாள். சதக்கென்று விழுந்தது.

"இந்தாங்க, என்னுதும்" என்று வெல்டர் தன்னுடையதை வீசினார். "மாசக்கணக்குல உழைக்குமாமே, நீங்களே போட்டு உழைங்க. நெட்டையனுக்கு வேலை வேணும், எல்லாருக்கும் நீல உறை வேணும். அதுவரைக்கும் இங்க ஒரு போல்ட்டும் கழறாது."

ஒவ்வொன்றாக உறைகள் விழுந்தன. எறியாமல் நின்றவர் டயர்காரர் ஒருவர்தான். முதலாளிக்கு மச்சான், பாவம், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். மற்றவர்கள் வாசலில் போய் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"உக்காருங்கடா!" என்று முதலாளி கத்தினார். "நானும் இந்தத் தொழில்ல கை கறுத்தவன்தான், நானே செஞ்சுக்கறேன். மச்சான், என் அலமாரியில கீழ்த்தட்டுல ஒரு பெட்டி இருக்கு, எடுத்துட்டு வா!"

டயர்காரர் ஓடிப்போய்க் கொண்டுவந்தார். கோபத்தில் முதலாளி பெட்டிக்குள் கையை விட்டு ஓர் உறையை உருவிச் சரக்கென்று மாட்டினார். நீல உறை. எல்லோரும் தன் கையையே பார்ப்பது அதற்குப் பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

"இது வர்றதே நின்னுபோச்சுன்னீங்களே மச்சான்?" டயர்காரரின் குரல் உடைந்திருந்தது.

"அது... பழைய மிச்சம்டா."

டயர்காரர் பெட்டியை டொக்கென்று மேசைமேல் வைத்தார். தன் துணி உறைகளைக் கழற்றி அந்தக் குவியலில் போட்டார். வாசலுக்கு வந்து, நிற்பதா போவதா என்று தெரியாமல் தவித்த நெட்டையனின் தோளைப் பிடித்து உட்காரவைத்துப் பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். அக்கா நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"எனக்காக எல்லாரும் பட்டினி கிடக்கணுமாக்கா?" என்றான் தம்பி.

"உனக்காக மட்டும்னு எவன் சொன்னான்? ஆளுக்குப் பத்து விரல் இருக்குடா."

அப்போது, முந்தின நாளே உள்ளே விட்டிருந்த காரின் சொந்தக்காரர் வந்து எஞ்சினைக் கிளப்பினார். எஞ்சின் ஓடியபடியே இருக்க, முதலாளி மூடியைத் தூக்கினார். உள்ளே ஏதோ கிறீச்சிட்டது. நீல உறை போட்ட கை பாதியில் நின்றது. அவர் தலையை வெளியே நீட்டிக் கார்க்காரரைப் பார்த்துக் கத்தினார்.

"யோவ், முதல்ல எஞ்சினை அணைய்யா! கையை விட வேணாமா?"

எஞ்சின் அணைந்தது. அவர் சொன்னது வாசல்வரை தெளிவாகக் கேட்டது. அக்கா தம்பியின் கட்டுப்போட்ட கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தெருவில் இன்னொரு கார் வந்து நின்று வழிவிடச் சொல்லி ஹாரன் அடித்தது. வாசலிலிருந்து ஒருவரும் எழுந்திருக்கவில்லை.