ஒரு பக்கமும் அச்சடிக்காமல் தீர்ந்த மை

1.

இந்தக் கதை எனக்கு ஒரு பிரிண்ட் கடை வரிசையில் கிடைத்தது. என் வீட்டிலேயே பிரிண்டர் இருக்கிறது. பிறகு ஏன் கடை வரிசையில் நின்றாய் என்று கேட்பவர்கள் வீட்டில் பிரிண்டர் இல்லாத புண்ணியவான்கள். இருப்பவர்கள் இந்நேரம் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு முன்னால் ஓர் அம்மா நின்றிருந்தார். வாசலில் ஒருவர் உள்ளே காலெடுத்து வைத்தவர், அந்த அம்மாவின் முதுகைப் பார்த்ததும் பேயறைந்தது போல அப்படியே நின்றுவிட்டார். கடைக்காரம்மா அவரைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ரொம்ப அக்கறையாகத் துடைக்க ஆரம்பித்தார்.

முதலில் நான் பார்த்தது இவ்வளவுதான். [அதற்குப் பிறகு பார்த்ததும் கேட்டதும் கொஞ்சம் உண்டு. அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.] மற்றதில் பாதி கடைக்காரம்மா சொன்னது, மீதி என் கைச்சரக்கு. எது எது என்று நோண்டாதீர்கள்.

2.

முதல் வரிக்காக நான் பட்ட பாடு:

*மஞ்சள் மை தீர்ந்துவிட்டது என்று மிஷின் அறிவித்தபோது, அவர் அடிக்க நினைத்ததோ வெறும் கறுப்பு எழுத்து...*

(வேண்டாம். மிஷினில் தொடங்கினால் அது தன்னைக் கதாநாயகன் என்று நினைத்துக்கொள்ளும். ஏற்கெனவே தலைக்கனம் பிடித்தது.)

*மனித நாகரிகத்தின் வரலாறு என்பது மையின்...*

(சீ.)

*மச்சான் கொடுத்த பொருளைக் குறை சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கிய கணவன் உலகத்தில் உண்டா?*

இது இருக்கட்டும். இதிலிருந்து போகலாம்.

3.

வாசலில் நின்றவர் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். ஆபீஸ் வேலைபோக மிச்ச நேரத்தில், சம்பளமில்லாமல், எல்லாரிடமும் பேச்சு வாங்கும் பதவி அது. வாரம் தவறாமல் லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டுவார். 'மொட்டைமாடிக் கதவைப் பூட்டவும்.' அடுத்த வாரம், 'மொட்டைமாடிச் சாவியை எடுத்தவர் திருப்பித் தரவும்.' அவருடைய மனைவி வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தருகிறார். குடியிருப்பே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும்.

அவர்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது டீச்சருடைய அண்ணன் ஒரு பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேலே சிவப்பு ரிப்பன் வேறு. "இனிமே நோட்டீஸுக்கும் கேள்வித்தாளுக்கும் நீங்க யார் கடை வாசல்லயும் போய் நிக்க வேணாம், மாப்பிள்ளை" என்றார். டீச்சரின் கண் கலங்கியது. அப்பா போன பிறகு அவரைப் படிக்கவைத்து ஆளாக்கியது அந்த அண்ணன்தான். அதற்கு முன் அண்ணன் கொடுத்த சுவர்க்கடிகாரத்தைப் பற்றிச் செயலாளர் ஒரே ஒரு நகைச்சுவை சொல்லி, பல நாள் 'சாப்பாடு இருக்கு' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்காமல் வாழ்ந்திருக்கிறார். பட்டவர்.

முதல் கார்ட்ரிட்ஜ் சீக்கிரமே தீர்ந்தது. வாங்கப் போன இடத்தில் விலையைக் கேட்டு அவருக்கு மயக்கம் வராத குறை.

"இந்தக் காசுக்குப் புது மிஷினே வந்துடுமேப்பா!"

"தாராளமா வரும் சார். ஆனா அதுக்குள்ள பாதி மைதான் போட்டிருப்பாங்க."

(இந்த இடத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்த பழமொழி ஒன்று தமிழில் இருக்கிறது. உங்கள் நுனி நாக்கில் இப்போது அது நிற்கும். நான் சொல்ல மாட்டேன். விழுங்கிவிட்டு மேலே படியுங்கள்.)

வீட்டில் வாயைத் திறந்தால் வம்பு. ஆகவே செயலாளர் தெருமுனைக் கடையில் நோட்டீஸ் அடிக்கத் தொடங்கினார். காலைநடை என்று பெயர், பாக்கெட்டில் பென்டிரைவ். ஆனால் மிஷின் சத்தமே இல்லாமல் கிடந்தால் மனைவிக்குச் சந்தேகம் வருமே? அதனால் நடைக்குக் கிளம்பும் முன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அதை ஒரு தடவை ஓட்டுவார். கிர்ர்ர்... டக் டக்... ஸ்ஸ்ஸ். அணைத்துவிட்டு, வேலையை முடித்தவர் மாதிரி கையைத் தட்டிக்கொண்டு வெளியே வருவார்.

4.

இங்கே என் கதாபாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கணக்கு டீச்சர். பிள்ளைகள் விடையைப் பார்த்து எழுதினால் பேனா பிடிக்கும் தோரணையிலேயே கண்டுபிடிப்பவர். பக்கத்து அறையில் நடக்கும் இந்த நாடகம் தெரியாமல் இருப்பாரா? தெரியாது என்று எழுதிப் பார்த்தேன், அவர் மண்டு ஆகிவிட்டார். தெரிந்தும் சும்மா இருந்தார் என்று எழுதினேன், கல்நெஞ்சுக்காரி ஆகிவிட்டார். இரண்டு பக்கத்தையும் கிழித்தேன். நான்தான் மண்டு. கடைக்காரம்மாவிடம் கேட்டிருந்தால் ஒரே நிமிடத்தில் தீர்ந்திருக்கும்.

"டீச்சரும் நம்ம கஸ்டமர்தான் சார். அவங்க சாயங்காலம் வருவாங்க. 'வீட்ல சொல்லிடாதீங்க அக்கா, பாவம், எங்க அண்ணன் கொடுத்ததுன்னு அவர் அதைக் கண்ணுல ஒத்திக்கிறாரு'ன்னு சொல்லுவாங்க. காலையில அவரும் அதேதான் சொல்லிட்டுப் போவாரு. நான் யாரைன்னு காட்டிக்கொடுக்க?"

ஆமாம். டீச்சரும் கடைக்குக் கிளம்பும் முன் கணவர் காதில் விழும்படி அதே கதவைச் சாத்திக்கொண்டு அதே மிஷினை ஓட்டினார். கிர்ர்ர், டக் டக், ஸ்ஸ்ஸ்.*

*\* அந்த ஸ்ஸ்ஸ் பற்றி ஒரு குறிப்பு. என் மிஷினோடு வந்த கையேட்டில் எறும்பு அளவு எழுத்தில் போட்டிருக்கிறது. ஒவ்வொரு தடவை முடுக்கும்போதும் அது தன் மூக்கைத் தானே சிந்திக்கொள்ளும். சிந்துவது மை. அதை வயிற்றுக்குள் இருக்கும் ஒரு பஞ்சில் துடைத்துக்கொள்ளும். ஒரு எழுத்துகூட அடிக்க வேண்டியதில்லை.*

இப்படியாக அந்த வீட்டில் ஒரு பக்கமும் அச்சாகாமல் டப்பா டப்பாவாக மை தீர்ந்தது. விளக்கு மினுக்கினால் யார் கண்ணில் முதலில் படுகிறதோ அவர் ஓடிப்போய்ப் புது கார்ட்ரிட்ஜ் வாங்கி, மற்றவருக்குத் தெரியாமல் மாட்டிவைப்பார். 'எவ்வளவு கேள்வித்தாள் அடிக்கிறா பாவம்' என்று இவர் நினைத்துக்கொள்வார். 'ஒரு சாவிக்கு இத்தனை நோட்டீஸா' என்று அவர் நினைத்துக்கொள்வார்.

5.

இதுவரை சிரித்தீர்கள். நானும்தான். ஆனால் பரணில் ஒரு பயணப் பெட்டி இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும்.

கல்யாணமான புதிதில் இருவரும் ஒரு கடலோர ஊரில் சில நாள் இருந்தார்கள். திரும்பவும் போக வேண்டும் என்று ஆளுக்கொரு பக்கம் காசு சேர்த்தார்கள். ஆளுக்கொரு பக்கமும் அந்தக் காசு மிஷினின் மூக்குவழியே போய்க்கொண்டிருந்தது.

"இந்தத் தடவை வேணாங்க. பசங்களுக்குப் பரீட்சை வருது."

"ஆமா ஆமா. எனக்கும் லீவு கிடைக்கிறது கஷ்டம்தான்."

அடுத்த விடுமுறைக்கும் இதே பேச்சு. இவளுக்கு என்னோடு வரவே இஷ்டமில்லை என்று செயலாளர் முடிவு கட்டிக்கொண்டார். மனிதருக்கு அது வலித்தது. பெட்டி பரணில் இருந்தது, அதன் மேல் நோட்டீஸ் கட்டுகள் ஏறின.

அப்போதுதான் அண்ணன் போன் பண்ணினார். "ஞாயித்துக்கிழமை வர்றேன் மாப்பிள்ளை. கொஞ்சம் பேப்பர் பிரிண்ட் போடணும். நம்ம மிஷின்தான் இருக்கே!"

அன்று மாலை மிஷினில் மஞ்சள் மை இல்லை. கறுப்பு நிறைய இருந்தும் மஞ்சள் வராமல் அது ஓர் எழுத்தும் அடிக்காது. அதே மாலை குடியிருப்பின் தண்ணீர்ப் பம்பு வேறு பழுதானது. நோட்டீஸ் உடனே ஒட்டியாக வேண்டும். செயலாளர் முதல்முறையாகக் காலையில் போகாமல் மாலையில் கடைக்கு ஓடினார். அங்கே அந்த முதுகு.

6.

முடிவுகள் கைவசம் மூன்று இருந்தன.

முதலாவதில் அவர் பூனை மாதிரி பின்வாங்கிப் போய் மஞ்சள் வாங்கி மாட்டுகிறார். அண்ணனுக்கு மகிழ்ச்சி. பெட்டி பரணிலேயே இருக்கிறது. மை விற்பவர்களுக்கு மட்டும் சுபம்.

இரண்டாவதில் வரிசையின் கடைசியில் அண்ணனே நிற்கிறார். தீனி போட்டுக் கட்டுப்படியாகாமல்தான் அதைத் தங்கை தலையில் கட்டினாராம். எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் இழுப்பறை மூடியது மாதிரி அவ்வளவு கச்சிதம். நான் நம்பவில்லை, நீங்களும் நம்ப வேண்டாம்.

மூன்றாவதில், இந்த வாக்கியத்தின் நடுவிலேயே மை தீர்ந்து எழுத்து மங்கி... பிரிண்டர் பற்றி எழுதும் யாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். உங்களிடம் அடிவாங்க எனக்கு உடம்பில் தெம்பில்லை.

ஆகவே கேட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

7.

டீச்சர் திரும்பவே இல்லை. நகல் மிஷினின் கண்ணாடியில் வாசல் தெரிந்திருக்க வேண்டும்.

"அக்கா, வாசல்ல நிக்கிறவரோட நோட்டீஸையும் சேர்த்து அடிச்சிடுங்க. காசு நானே தர்றேன்."

செயலாளர் மெல்ல உள்ளே வந்தார். "எத்தனை நாளா இங்க வர்றே?"

"நீங்க எத்தனை நாளா?"

"என்னைப் பார்க்காதீங்க" என்றார் கடைக்காரம்மா. "எனக்கு ரெண்டு பேரும் வேணும்."

"அப்போ காலையில கதவைச் சாத்திக்கிட்டு மிஷினை ஓட்டுவீங்களே?" என்றார் டீச்சர்.

"சும்மாதான் ஓட்டுனேன். உனக்குக் கேக்கட்டும்னு. நீ சாயங்காலம்?"

"நானும் சும்மாதான்."

டீச்சரின் உதடுகள் அசைந்தன. மனக்கணக்கு போடுகிறார் என்று தெரிந்தது. கணக்கு முடிந்ததும் கோபப்படுவார் என்று நான் ஒதுங்கி நின்றேன். அவர் மெதுவாகச் சொன்னார்.

"அந்தக் காசுக்குக் கடலைப் பார்த்துட்டே வந்திருக்கலாங்க."

"உனக்குத்தான் என்கூட வர இஷ்டமில்லைன்னு நெனச்சேன்."

"அட லூசு மனுஷா" என்றார் டீச்சர். அத்தனை பேர் முன்னால், அத்தனை பிரியமாக. செயலாளரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. வாங்கினால் இப்படித் திட்டு வாங்க வேண்டும்.

கேள்வித்தாளையும் பம்பு நோட்டீஸையும் ஒரே கட்டாகத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். "அண்ணன்கிட்ட என்னங்க சொல்றது?" என்று டீச்சர் கேட்டது காதில் விழுந்தது. நான் கழுத்தை நீட்டினேன். சரியாக அந்த நேரம் பார்த்து, "சார், உங்க கதை எத்தனை காப்பி?" என்றார் கடைக்காரம்மா. பதில் போயே போய்விட்டது.

8.

ஆக, ஞாயிற்றுக்கிழமை.

பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்துக் கூடத்தில் வைத்தாகிவிட்டது. அண்ணன் பேப்பரும் கையுமாக மிஷின் முன்னால் உட்கார்ந்து, வளர்த்த கன்றைத் தட்டுவது போல அதைத் தட்டுகிறார். "எப்படி ஓடுது நம்ம மிஷின்?" என்று கேட்டபடி பொத்தானை அமுக்குகிறார். கிர்ர்ர், டக் டக். செயலாளர் டீச்சரைப் பார்க்கிறார். டீச்சர் செயலாளரைப் பார்க்கிறார். ஸ்ஸ்ஸ் வருவதற்குள் இருவரில் ஒருவர் வாய் திறந்து சொல்கிறார்:

"[                        ]"

அண்ணன் மனசு நோகக் கூடாது. அவர்கள் கடலுக்கும் போயாக வேண்டும். இரண்டும் ஒரே வரியில் நடக்க வேண்டும். எனக்கு எவ்வளவு முட்டியும் வரவில்லை, உங்களுக்கு வரும். அடைப்புக்குறியைக் காலியாக விட்டிருக்கிறேன்.

பென்சிலால் எழுதுங்கள்.