மூன்று பயந்தாங்கொள்ளிகளும் ஒரு கயிறும்

1

இந்தக் கதை எனக்கு ஒட்டுக்கேட்டுக் கிடைத்தது. தோள் வலிக்காகப் பிசியோதெரபி எடுக்கப் போயிருந்தேன். திரைச்சீலைக்கு அந்தப் பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு பெண்ணின் குரல்: "மடங்கு. இன்னும் கொஞ்சம். ஆங், இரு. இரு… சபாஷ், நல்ல பிள்ளை!" யாரோ குழந்தையைக் கூட்டிவந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். திரை விலகியபோது பார்த்தால் குழந்தையுமில்லை, குட்டியுமில்லை. அந்த அம்மாள் தன் முழங்காலோடு பேசிக்கொண்டிருந்தார்.

"நாய் ட்ரெய்னர் சார் இவங்க," என்று சிகிச்சை கொடுத்த பெண் என்னிடம் சிரித்தாள். "நாய்தான் கீழ தள்ளிடுச்சு."

அவ்வளவுதான் என் கைமுதல். மீதி எல்லாம் நானே கட்டியது. அவரிடம் போய் ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். விசாரித்தால் உண்மை தெரிந்துவிடும், பிறகு கதைக்கு எங்கே போவது?

[நேரில் பார்த்தபோது 'அவர்'. கதைக்குள் வந்ததும் 'அவள்' ஆகிவிடுகிறாள். கூடவே நாலு நாள் இருந்தால் அப்படித்தான், மரியாதை குறைந்து பாசம் ஏறிவிடும்.]

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "விதி சில நேரம் நான்கு கால்களோடு வரும். அன்று அது படியில் நின்று—"

அடித்துவிட்டேன். விதியைக் கூப்பிட்டால் நாய்க்கு என்ன வேலை?

இரண்டாவது: "அவளுக்கு நாய்கள் என்றால் உயிர். பயம் என்ற சொல்லையே அறியாத—"

இதுவும் ஆகாது. பயம் பற்றித்தான் பின்னால் நிறையச் சொல்லப் போகிறேன். முன்வாசலில் பொய் சொல்லிவிட்டுப் பின்வாசலில் உண்மையை ஏற்றினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

அவள் நாய்களைப் பழக்குகிறவள். காலையில், வேலைக்குப் போகிறவர்களின் நாய்களை நடத்திக் கூட்டிப்போவாள். அடங்காத நாய் ஏதாவது வந்தால் வீட்டிலேயே வைத்துச் சொல்பேச்சு கேட்கப் பழக்குவாள். கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள லிஃப்டுகளை எல்லாம் ஓடவைப்பவன், குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாம் மாடியில். கீழே இரும்புச் சாமான் கடை.

நாய்க் காப்பகத்திலிருந்து ஒரு பெரிய பழுப்பு நாய் அவளிடம் வந்திருந்தது. இரண்டு குடும்பங்கள் ஆசையாக எடுத்துப்போய், 'ரொம்ப இழுக்குதுங்க' என்று திருப்பிக் கொடுத்த நாய். உட்கார்ந்தால் யாரோ சாக்கு மூட்டையை இறக்கி வைத்ததுபோல இருக்கும். அதனால் பெயரும் மூட்டை. ஒரு காலையில் அவள் அதைப் பிடித்துக்கொண்டு படியிறங்கியபோது, கீழே கடைக்காரர் ஷட்டரைத் தூக்கினார். தடதடவென்ற அந்தச் சத்தத்தில் மூட்டை உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடியது. கயிறு அவள் கையில். மிச்சமிருந்த படிகளை அவள் கால் படாமலேயே இறங்கினாள்.

முழங்காலில் தசைநார் கிழிந்தது, கீழே எலும்பில் விரிசல். அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மூட்டை காப்பகத்துக் கூண்டுக்குப் போனது, மூன்றாவது தடவையாக.

3

அவளைப் பார்த்துக்கொள்ள நாத்தனார் வந்தார், கணவனின் அக்கா.

இந்த இடத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். நாத்தனார் என்றதும் பேனா தானாகவே, "வந்ததும் வராததுமாக முகத்தைத் தூக்கி—" என்று எழுதத் தொடங்கிவிட்டது. பழக்கதோஷம். நம் கதைகளில் நாத்தனாருக்கு என்று ஒரு முகம் தைத்து வைத்திருக்கிறோம், வருகிறவர் தலையில் அதை மாட்டிவிடுவதுதான் வேலை. அதைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தேன். தபால் நிலையத்தில் கவுண்டரில் உட்கார்ந்தே ஓய்வு பெற்ற, குள்ளமான, வாய் ஓயாத பெண்மணி. வெளியே சுற்றிக் கண்காணிக்கும் பதவி உயர்வு வந்தபோது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர். காரணம், தெருநாய்.

ஆமாம், அவருக்கு நாய் என்றால் குலை நடுங்கும்.

நடத்திக் கூட்டிப்போன நாய்களில் பெரும்பாலானவை வேறு ஆளிடம் போய்விட்டன. பல் டாக்டர் ஒருவரின் கிழட்டு நாய் மட்டும் மிஞ்சியது. கட்டைக்கால், பாதி குருடு. அதையும் விட்டால் தொழிலே அற்றுப்போகும் என்று அவள் கலங்கினாள். "அதுக்குப் பல்லு இருக்கா?" என்று நாத்தனார் கேட்டார். ரெண்டு மூணு இருக்கும் என்றாள் இவள். "பல் டாக்டர் வீட்டு நாய்க்கே பல்லு இல்லன்னா, சரி, நான் கூட்டிட்டுப் போறேன்."

மழையில்லாத நாளில் குடையோடு போனார். நாய்க்கும் தனக்கும் நடுவே குடையை நீட்டிப் பிடித்தபடி. இவள் பால்கனியில் நாற்காலி போட்டு, கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு கத்துவாள்.

"அண்ணி, கயித்த லூசா விடுங்க!"

"விட்டா அது என்கிட்ட வந்துடும்மா!"

"வரட்டும் அண்ணி, அதுதான் நடக்கறது!"

தெருவே வேடிக்கை பார்த்தது. ஆனால் நாய்க் கிழவன் பொறுமைசாலி. நாத்தனார் நின்றால் நிற்பான், அலறினால் உட்கார்ந்துகொள்வான். சில வாரங்களில் குடை வீட்டிலேயே தங்கிவிட்டது.

4

இவள் ஊன்றுகோலோடு படியேறி இறங்கப் பழகிய சமயம், காப்பகத்துக்காரர் போன் செய்தார். "மூட்டைய ஒரு குடும்பம் பாத்துட்டுப் போயிருக்காங்க. பிடிச்சிருக்காம். ஆனா இழுக்காம நடந்தாதான் எடுப்பாங்க. இதுவும் தவறிச்சுன்னா, இனிமே யாருக்கும் காட்டறதா இல்லம்மா. கடைசி வரைக்கும் கூண்டுதான்."

"அனுப்புங்க," என்றாள் உடனே.

கணவன் குதித்தான். "உன்னைப் படியில உருட்டிவிட்ட நாய மறுபடி வீட்டுக்குள்ள விடுவியா? எனக்குக் கை காலெல்லாம் ஆடுது." அவன் கத்தியது கோபத்தில் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவள் விழுந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் தனியாக நின்றவன் அவன். இருந்தாலும் அவள் பிடித்த பிடியை விடவில்லை.

மூட்டை வந்தது. கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம், பின்பால்கனியில் அதன் இடம். இவளைக் கண்டதும் வாலையும் இடுப்பையும் சேர்த்து ஆட்டியது. இவள் ஒரு எட்டு வைத்தாள். அதற்குமேல் கால் வரவில்லை. வைத்த எட்டையும் பின்னால் எடுத்துக்கொண்டாள்.

கால் வலி என்று சொல்லிவிட்டாள்.

மறுநாளும் கால் வலி. கதவுக்கு இந்தப் பக்கம் நின்றே கோழித் துண்டுகளை வீசி, 'உட்கார்', 'இரு' எல்லாம் சொன்னாள். மூட்டையும் உட்கார்ந்தது, இருந்தது. கதவைத் திறக்க மட்டும் அவளால் முடியவில்லை. பிசியோதெரபிப் பெண், "கோலை விட்டுடலாமே, முட்டி நல்லா இருக்கே," என்றாள். இவள் விடவில்லை. விட்டால் பிறகு எந்தச் சாக்கைச் சொல்வது?

[இங்கே எனக்கே சந்தேகம் வந்தது. இருபது வருஷம் நாய்களோடு புழங்கியவள் ஒரு விழுதலில் இப்படி ஆவாளா? தெரிந்த ஓட்டுநர் ஒருவரை நினைத்துக்கொண்டேன். ஒரு விபத்துக்குப் பிறகு வண்டியைத் தினமும் துடைத்து வைப்பார், ஏறமாட்டார். ஆவாள். அவளைச் சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மேலே போகிறேன்.]

5

கண்டுபிடித்தவர் நாத்தனார்.

துணி மடித்துக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டார். "ஏம்மா, உனக்கு அது மேல பயமா?"

"சேச்சே. கால்தான் அண்ணி—"

"அடுப்படியில ரெண்டு காலையும் ஊணிட்டுத்தானே நின்னே? நாய் பக்கம் போனாதான் கால் வலிக்குது." ஒரு துண்டை உதறினார். "நான் ஆயுசு பூரா நாயோட வாயையே பாத்தவ. வால எல்லாம் பாத்ததே இல்ல. நீ வந்த புதுசுல, எந்த நாய் வந்தாலும் அது வாலத்தான் பாப்பே. இப்ப வாயைப் பாக்கறே. எனக்குத் தெரியாதா?"

அவள் அழுதாள். சத்தமில்லாமல், துணிக்குவியலில் முகத்தை வைத்து. "அவர்கிட்ட சொல்லிடாதீங்க அண்ணி. நாயத் திருப்பி அனுப்பிடுவாரு. அப்புறம் நான் இந்தத் தொழிலுக்கே…" முடிக்கவில்லை.

"நான் ஏன் சொல்றேன்? எனக்கும் பயம், உனக்கும் பயம். அந்தத் தடியனுக்கு ஷட்டர்னா பயம். மூணு பயந்தாங்கொள்ளிங்க சேந்தா ஒரு தைரியசாலி தேறாமலா போயிடுவான்?"

5, மறுபடியும்

(மேலே சொன்ன வசனத்தோடு அத்தியாயம் முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். ஆனால் தேறவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.)

மூட்டையின் கழுத்துப்பட்டையில் இரண்டு கயிறு கட்டினார்கள். ஒன்று நாத்தனார் கையில், ஒன்று இவள் கையில். பயந்த நாயைப் பழக்க இவளுக்கு வழி தெரியும். பயம் தொடங்காத தூரத்தில் நிறுத்து, சத்தம் வந்ததும் பிடித்ததைக் கொடு, நாள் போகப் போகக் கிட்டே வா. தெருக்கோடியில் நின்றார்கள். கடைக்காரர் இவர்கள் கையசைப்புக்குக் காத்திருந்து ஷட்டரைத் தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார்.

"ஏங்க, நான் வியாபாரம் பண்றதா, இல்ல நாய்க்கு மேளம் வாசிக்கறதா?" என்று கத்தினார். ஆனால் நிறுத்தவில்லை. அவர் கடை வாசலில்தான் இவள் விழுந்து கிடந்தாள். ஓடிவந்து தூக்கியவரும் அவர்தான்.

ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கிட்டே. மூட்டைக்குக் கொடுத்த அதே மருந்தை அவள் தனக்கும் கொடுத்துக்கொண்டாள். முதலில் கயிற்றின் நுனி, பிறகு நடு, பிறகு நாயின் முதுகில் ஒரு விரல்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த ஒரு நாள், கடைக்கு வந்த லாரியிலிருந்து கம்பிக்கட்டு ஒன்று சரிந்து விழுந்தது. இடி விழுந்த மாதிரிச் சத்தம். மூட்டை துள்ளிப் பாய்ந்தது.

இவள் கயிற்றை விட்டுவிட்டாள். யோசிக்கவே இல்லை, கை தானாகத் திறந்துகொண்டது.

நாத்தனார் விடவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஐயோ அம்மா" என்று தெருவே அதிர அலறிக்கொண்டு, செருப்பு ஒருபக்கம் சேலை ஒருபக்கமாக இழுபட்டு, கடைசியில் தரையில் தொப்பென்று உட்கார்ந்தார். பிடிக்க வேறொன்றும் கிடைக்காததால் நாயையே கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் நடுங்கினார். மூட்டையும் நடுங்கியது. யார் நடுக்கம் யாருடையது என்று தெரியவில்லை.

"விடல! நான் விடல பாத்தியா!" முழங்கை சிராய்ந்து ரத்தம் வந்தது. முகத்தில் அப்படி ஒரு பெருமை.

இவள் நின்ற இடத்திலேயே நின்றாள். "நான் விட்டுட்டேன் அண்ணி."

"விட்டதாலதான் விழல. அதுவும் நல்லதுதான். இப்ப வா, இந்தத் தடியன என் மேலேருந்து எடு. எனக்குப் பயமா இருக்கு."

அவள் வந்தாள். கோல் லாரிப் பக்கத்திலேயே கிடந்தது என்பதைப் பாதி வழியில்தான் கவனித்தாள். மூட்டையின் கழுத்துப்பட்டையைக் கையால் பிடித்தாள். நாய் அவள் கையை நக்கியது. அவளுக்குப் பயம் போகவில்லை. பயத்தோடேயே பிடித்திருந்தாள்.

6

குடும்பம் வந்தது: பள்ளிப் பேருந்து ஓட்டுநரும் அவர் மனைவியும். "நாள் பூரா பிள்ளைங்க சத்தம். வீட்ல சத்தம் போடாத ஒரு ஜீவன் வேணும்," என்றார் ஓட்டுநர். "அப்ப நான் யாரு?" என்றாள் மனைவி. எனக்கு அவர்களைப் பிடித்துப்போயிற்று.

இங்கே என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன.

ஒன்றில் மூட்டை கடைசி நிமிடத்தில் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. எழுதிப் பார்த்தேன். நாய் என்னைப் பார்த்த பார்வையில் கிழித்துவிட்டேன்.

இன்னொன்றில் நாத்தனாரே மூட்டையைத் தன்னோடு கூட்டிப்போகிறார். கண்ணீர் வரும் முடிவு, எனக்கும் வந்தது. ஆனால் பாத்திரம் ஒப்புக்கொள்ளவில்லை. "எனக்கு நாய்னா பயம்ப்பா," என்றார் என்னிடமே. "இது ஒண்ணு மேலதான் இல்ல. அதுக்காக ராத்திரி பகலா என்கூட வெச்சுக்கச் சொன்னா எப்படி?"

எனவே மூன்றாவது. ஒற்றைக் கயிறு, அவள் கையில், கோல் இல்லாமல். கடையைத் தாண்டும்போது ஷட்டர் தடதடத்தது. மூட்டை நின்றது. அவளும் நின்றாள். இருவருக்கும் உடம்பு ஒருமுறை உதறியது. மூட்டை தலையைத் திருப்பி அவள் முகத்தைப் பார்த்தது, ஓடட்டுமா என்று கேட்பதுபோல. "வா போலாம்," என்றாள். போனார்கள். கயிறு தொய்ந்தே இருந்தது.

அன்று மாலையே மூட்டை ஓட்டுநரின் வண்டியில் ஏறிப் போய்விட்டது. நாத்தனாரும் ஊருக்குக் கிளம்பினார். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, "அவங்க அதை ஒழுங்கா பாத்துப்பாங்களா?" என்று கேட்டுக்கொண்டே போனார். போய்ச் சேர்ந்தும் போனில் அதையேதான் கேட்டார்.

7

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் மறுவாரம் அவளுக்குக் காப்பகத்துக்காரரிடமிருந்து போன் வந்தது. புதுசாக ஒரு நாய். மூட்டையைவிடப் பெரிது. யாரையோ கடித்திருக்கிறது, தின்ன மறுக்கிறது. "உங்களால முடியுமான்னு தெரியல. கேட்டுப் பாக்கலாம்னு…"

கணவன் எதிரே உட்கார்ந்து கைக்கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். துணியை வைத்துவிட்டு அவளையே பார்த்தான். அக்கா ஊருக்குப் போகுமுன் ஏதாவது சொன்னாரா, அவனே ஊகித்தானா, எனக்குத் தெரியாது.

"கால் வலிக்குதா," என்றான், "இல்ல, பயமா இருக்கா?"

அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"பயமாத்தான் இருக்கு," என்றாள். அவனிடம் அதைச் சொல்வது இதுதான் முதல் தடவை.

அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினான். நாற்காலியைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

அவள் பொத்திய கையை எடுத்தாள். மூச்சை இழுத்தாள். நான் எழுதுவது இதோடு சரி. நாய்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, அவளைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் சொல்லியாகிவிட்டது. இப்போது என் அளவுக்கு உங்களுக்கும் அவளைத் தெரியும். காப்பகத்துக்காரர் "ஹலோ, ஹலோ" என்கிறார். அவருக்குப் பின்னால், எங்கோ கூண்டுக்குள், ஒரு பெரிய நாய் ஒரேயொரு தடவை குரைக்கிறது.

அவள் என்ன பதில் சொல்வாள்? நீங்கள் சொல்லுங்கள்.